முப்பது வெள்ளிக்கு நுரை

சிங்கப்பூரில் மலிவான வைன் என்று ஒன்று கிடையாது. காரணம் தீர்வை. அது பாட்டிலின் விலையைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் ஆல்கஹாலைப் பார்க்கிறது. ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி. 12 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 750 மில்லிலிட்டர் பாட்டில் என்றால் கிட்டத்தட்ட 8 வெள்ளி. இருநூறு வெள்ளி ஷாம்பெயினுக்கும் அதே எட்டுதான், இருபது வெள்ளி பாட்டிலுக்கும் அதே எட்டுதான். மேலே 9 விழுக்காடு பொருள் சேவை வரி. 20 வெள்ளி பாட்டிலில் ஏறக்குறைய பாதி வரி. 30 வெள்ளி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு. கையில் காசு குறைவாக இருப்பவர்தான், முடிந்தால், அந்தக் கூடுதல் பத்து வெள்ளியைப் போட வேண்டும்.

எனக்கு நானே போட்டுக்கொண்ட எல்லை 30 வெள்ளி. டிசம்பர் 31 அம்மாவுக்குக் கடைசி வேலை நாள். புத்தாண்டையும் அதையும் சேர்த்துக் கொண்டாடலாம் என்றேன்.

"கேக் வெட்டினாப் போதும். பாட்டில் கீட்டில்லாம் வீட்டுக்குள்ள வேணாம்."

அம்மாவின் அப்பா ஜொகூரில் பால்மரம் சீவியவர். அவருடைய சம்பளம் வீடு வந்து சேர, தோட்டத்துக் கள்ளுக்கடையைத் தாண்டியாக வேண்டும். பல மாதங்கள் தாண்டவில்லை. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில், தோட்டக் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. கூலி கொடுத்த அதே தோட்டத்துக்குள் கள்ளுக்கடையும் இருந்தது. எங்கள் வீட்டில் 'பாட்டில்' என்ற சொல்லுக்கு அந்த வாடை இன்னும் போகவில்லை.

வெளியிலும் அப்படித்தான். 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில் கலவரம். 2015இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம். இரவு 10.30க்கு மேல் கடையில் வாங்கிக்கொண்டு போக முடியாது. தீவு முழுக்க அதே நேரம்தான் என்றாலும், லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங்குக்கும் கூடுதல் கட்டுப்பாடு. நாம் குடித்தால் பிரச்சினை, மற்றவர் குடித்தால் கொண்டாட்டம் என்ற கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாவின் பயமும் பொய்யில்லை. இரண்டையும் சுமந்துகொண்டுதான் பேரங்காடியின் வைன் வரிசைக்குப் போனேன்.

ஷாம்பெயின் என்ற பெயர் பிரான்சின் ஷாம்பெயின் வட்டாரத்துக்கு மட்டுமே சொந்தம். 30 வெள்ளியில் அதை மறந்துவிடலாம். ஸ்பெயினின் காவாவும் பிரான்சின் மற்ற வட்டாரங்களில் செய்யும் கிரெமானும் அதே முறைதான்: பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்து, குறைந்தது ஒன்பது மாதம் ஈஸ்டோடு கிடக்கும். இத்தாலியின் ப்ரொசெக்கோ பெரும்பாலும் பெரிய தொட்டியில் நொதிப்பது. செலவு குறைவு, பழவாசம் தூக்கல். லேபிளில் ஒரு குழப்பம் உண்டு. 'எக்ஸ்ட்ரா டிரை' என்று போட்டிருந்தால் அது 'ப்ரூட்'டைவிட இனிப்பு. ப்ரூட்டில் சர்க்கரை லிட்டருக்கு 12 கிராமுக்குள்; எக்ஸ்ட்ரா டிரையில் 12 முதல் 17 வரை.

வீட்டில் முறுக்கும் பொரித்த கோழியும் இருக்கும். உப்பும் எண்ணெயும் உள்ள பண்டத்துக்குப் புளிப்பு வேண்டும். 28 வெள்ளிக்கு ஒரு காவா ப்ரூட் எடுத்தேன்.

ஐஸும் தண்ணீரும் உப்பும் போட்ட வாளியில் அரை மணி நேரம் வைத்தேன். தக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாட்டிலை மெல்லத் திருப்பினால் சத்தம் வராது. பெருமூச்சு மாதிரி ஒன்றுதான் வரும். அம்மா எட்ட நின்று பார்த்தார்.

"கள்ளும் இப்படித்தான் பொங்கும்" என்றார். பிறகு, நான் கேட்காமலே: "அப்பாவக் கூட்டிட்டு வர என்னைத்தான் அனுப்புவாங்க. ஒம்போது வயசு. உள்ள போகமாட்டேன். வெளியவே நிப்பேன், அவரே பாத்துட்டு வரட்டும்னு."

"வருவாரா?"

"சில நாள் வருவாரு."

இத்தனை வருடத்தில் இதை அவர் சொன்னதில்லை. கால் கிளாஸ் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு "புளிக்குது" என்று தள்ளி வைத்தார். முறுக்கைக் கடித்துவிட்டு இன்னொரு வாய்.

பாதி பாட்டில் மீந்தது. ஸ்பார்க்ளிங் வைனுக்கென்றே விற்கும் இறுக்கமான மூடியைப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளும் நுரை இருக்கும். காலையில் திறந்து பார்த்தேன். அம்மா அதைக் கொட்டவில்லை. தயிர்ச் சட்டியை நகர்த்தி, அது சாயாமல் நிற்க இடம் விட்டிருந்தார்.