பட்டியும் விரலும்

கண்டி நகரிலிருந்து ஹந்தானை மலைப்பாதையில் ஏறிச் செல்வோர், 1925ஆம் ஆண்டில் எழுந்த நான்கு மாடித் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றைக் காண்பர். 2001ஆம் ஆண்டு முதல் அது தேயிலை நூதனசாலையாக விளங்குகிறது. ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருட்களையும், கொழுந்தை அரைத்த பழைய ரோலர்களையும் கண்டு வியவாதார் இல்லை. ஆயினும், இத்தகைய இயந்திரங்களை ஓட்டிவைத்த பட்டிகளை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

தோட்டத்து மக்கள் தொழிற்சாலையை 'ஸ்டோர்' என்றே வழங்குவர். என் தந்தையார் தொழில் செய்த ஸ்டோரில் எஞ்சின் ஒன்றே. அது மேலே ஒரு நீண்ட இரும்புத் தண்டைச் சுழற்றும். தண்டிலுள்ள கப்பிகளிலிருந்து ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு பட்டி இறங்கும். பட்டி தளர்ந்தால் வழுக்கிக் கீச்சிடும். மிக இறுகினால் தண்டைத் தாங்கும் பேரிங் சூடேறித் தேயும். ஆதலின், தளர்ந்து வரும் பக்கத்தில் ஒரு சிறு கப்பியை வைத்து அழுத்துவர். அப்போது பட்டி பெரிய கப்பியையும் சிறிய கப்பியையும் கூடுதலாகத் தழுவிக்கொள்ளும். அதனால் பிடிப்பு மிகும்.

ஒரு நாள் பட்டியொன்று வழுக்கிற்று. எஞ்சினை நிறுத்தினால் எல்லா ரோலர்களும் நிற்கும். அரைத்த கொழுந்து மிகையாகப் புளித்துக் கெடும். ஆகவே, ஓடும் பட்டிக்கே பிடிப்பு மெழுகு பூசுமாறு என் சித்தப்பாவைப் பணித்தனர். பட்டி கப்பியுள் நுழையும் இடத்தில் அவருடைய இரு விரல்கள் போயின. அவர் ஒருபோதும் குறை கூறியதில்லை. ஆனால், நெல் ஆலையின் ஓசை கேட்டாலும் அக்கையை மடியில் மறைத்துக்கொள்வார்.

இன்று என் பேரன் பள்ளிப் போட்டிக்காக ஒரு ரோபோ செய்கிறான். அதன் சக்கரங்களைப் பல் வைத்த பட்டி சுழற்றுகிறது. அவன் வைத்த ஸ்பிரிங் கப்பி முன்னே ஓடும்போது நன்றாயிருந்தது. பின்னே ஓடும்போது பட்டி பல் தாவிற்று. காரணம் எளிது. ஸ்டோர்த் தண்டு ஒரே திசையில் சுழல்வது; அதன் தளர்ந்த பக்கம் மாறுவதில்லை. ரோபோ திரும்பி ஓடினால், தளர்ந்த பக்கமே இழுக்கும் பக்கமாகிறது. ஸ்பிரிங் அவ்விழுவைக்கு இளகிவிடுகிறது. எனவே கப்பியை நீள்துளையில் நகர்த்தி, அளவாக இறுக்கி, போல்ட்டினால் அசையாமற் பூட்டச் சொன்னேன். பற்களே பிடித்துக்கொள்வதால், பழைய பட்டிக்கு வேண்டிய அத்தனை இறுக்கம் இதற்கு வேண்டியதில்லை.

மற்றொன்றும் சொன்னேன்: மின்கலத்தின் இணைப்பை நீக்கிய பின்னரே பட்டியைத் தொட வேண்டும்.

"போட்டியில் இரண்டே நிமிஷம்தான் கிடைக்கும், தாத்தா" என்றான்.

சித்தப்பாவின் கதையை அப்போதுதான் அவனுக்குக் கூறினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. எழுந்து சென்று இணைப்பைக் கழற்றினான். அன்று கொழுந்து கெடுமென்ற அவசரம்; இன்று நேரம் போகிறதென்ற அவசரம். பெயர் மாறினும், அவசரம் கேட்கும் விலை மாறவில்லை.