செம்மஞ்சள் ரோசா

ஜேர்மனியின் நாற்றுப் பண்ணைகளில் விற்பனைக்கு நிற்கும் ரோசாச் செடிகளின் கழுத்தில் ஒரு சிறு அட்டை தொங்கும். பூவின் படம், செடியின் உயரம், நடவேண்டிய இடம் என்பவற்றோடு, சில அட்டைகளில் ‘பராமரிப்பு எளிது’ என்னும் குறிப்பும் காணப்படும். வாங்குபவர் அதனை ஒருமுறை பார்ப்பார். பணத்தைக் கொடுத்துச் செடியை எடுத்துச் செல்வார். இளஞ்சிவப்பு ரோசாவின் கழுத்தில் அக்குறிப்புத் தொங்குவது பெரிய வியப்பன்று. செம்மஞ்சள் ரோசாவின் கழுத்தில் அது ஏறுவதற்கு முக்கால் நூற்றாண்டு சென்றது. அந்நிறத்தோடு ஒரு நோயும் சேர்ந்து வந்தமையே இத்தாமதத்துக்குக் காரணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரை, ஆண்டில் பன்முறை பூக்கும் ஐரோப்பியத் தோட்ட ரோசாக்களிடையே ஆழ்ந்த மஞ்சளோ எரியும் செம்மஞ்சளோ இருக்கவில்லை. சீனத்திலிருந்து வந்த ‘தேயிலை ரோசா’க்களிற் சில மெல்லிய மஞ்சட் சாயல் காட்டின, ஆனால் அவை வடபுலக் குளிரைத் தாங்கவில்லை. (இலங்கை வாசகர் பெயரைக் கண்டு அவற்றுக்கும் மலையகத்துக்கும் உறவு கற்பிக்க வேண்டியதில்லை, பூவின் மணம் தேயிலையை நினைவூட்டியது என்பதனாலேயே அப்பெயர் வந்தது.) ஆழ்ந்த மஞ்சள் மேற்காசியாவின் ரோசா ஒன்றிடம் இருந்தது. தாவரவியலார் அதற்கு இட்ட பெயர் ‘ரோசா பெற்றிடா’. துர்நாற்றமுடைய ரோசா என்பது பொருள். அதன் அடுக்கிதழ் வகையான பாரசீக மஞ்சள் 1830களில் ஐரோப்பாவை அடைந்தது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே பூக்கும் அச்செடி இனக்கலப்புக்கு எளிதில் இணங்குவதன்று.

அதனை இணக்கியவர் பிரான்சின் லியோன் நகரத்துத் தோட்டக்காரர் யோசப் பெர்னே-டுஷே. 1880களில் தொடங்கிய அவரது முயற்சிகளிற் பெரும்பாலானவை வீணாயின. ‘அந்துவான் டுஷே’ என்ற சிவப்பு ரோசாவில் பாரசீக மஞ்சளின் மகரந்தத்தைச் சேர்த்த கலப்பின் வழியே ஈற்றில் வெற்றி கிட்டியது. 1900ஆம் ஆண்டில் ‘சொலேய் டோர்’, அதாவது பொற்சூரியன், என்ற பெயரோடு செம்மஞ்சள் ரோசா ஒன்று வெளிவந்தது. அதன் வழித்தோன்றல்களை அவர் மேலும் இருபது ஆண்டுகள் திருத்தி வளர்த்தார். இடையில் முதலாம் உலகப் போர் அவருடைய மைந்தர் இருவரையும் கொண்டு சென்றது. 1920இல் வெளியிட்ட தூய மஞ்சள் ரோசாவுக்கு ஒரு மகன் குளோடியுசின் பெயரையும், அடுத்து வந்த மற்றொன்றுக்கு மறு மகன் ஜோர்ஜின் பெயரையும் தந்தை சூட்டினார். தொழிலை ஏற்க இருந்த பிள்ளைகள் பூக்களின் பெயர்களாயினர். ரோசா நூல்கள் இதனை ஓரிரு வரிகளில் முடித்துக்கொள்கின்றன. அதற்கு மேல் எழுதுதற்கு எவருக்கும் துணிவு வரவில்லை போலும்.

நிறத்தோடு நோயும் வந்தது என்றது இதனைத்தான்: பாரசீக ரோசாவின் தாயகம் வறண்ட கோடையை உடையது. இலை நெடுநேரம் நனைந்திருக்கும் வாய்ப்பு அங்கே குறைவு; ஆகவே கரும்புள்ளி நோயைத் தரும் பங்கசோடு போரிடும் தேவையும் அச்செடிக்கு ஏற்படவில்லை. ஏறத்தாழ ஏழு மணி நேரம் இலையின்மேல் ஈரம் நின்றாற் போதும், பங்கசின் வித்திகள் முளைத்து உட்புகும். வட ஐரோப்பாவில் அவ்வீரத்துக்குப் பஞ்சமில்லை. புது நிறத்தில் மயங்கிய வளர்ப்பாளர் அதனை எல்லா ரோசாக்களுக்கும் கலக்க, சில பத்தாண்டுகளில் அந்நோய்க்கு இடங்கொடுக்கும் இயல்பும் தோட்டந்தோறும் பரவிற்று. ஆவணிக்குள் இலை மஞ்சளித்து உதிர்ந்து, வெறுங்கொம்புகளின் நுனியிற் பூத் தாங்கி நிற்பதே செம்மஞ்சள் ரோசாவின் இலக்கணம் என்றாயிற்று. கந்தகமும் செப்புக் கலவைகளும், பின்னர் செயற்கைப் பங்கசு நாசினிகளும் தெளிப்பது வழக்கமாயிற்று. தோட்டக்காரன் மருத்துவனாகவும் ஓரளவு நஞ்சூட்டுவோனாகவும் வாழ்ந்த காலம் அது.

இந்நிலையை மாற்றியதில் வட ஜேர்மனியைச் சேர்ந்த கோர்டெஸ் குடும்பத்துக்குப் பெரும் பங்குண்டு. முதலாம் உலகப் போர் மூண்டபோது இங்கிலாந்தில் நாற்றுப் பண்ணை நடத்திக்கொண்டிருந்த வில்ஹெல்ம் கோர்டெஸ் பகைநாட்டவராக மான் தீவில் அடைத்து வைக்கப்பட்டார். அச்சிறைவாழ்வில் அவர் மெண்டலின் பிறப்புரிமையியலைக் கற்றார் என்பர். ஒரே போர் லியோனில் ஒரு தந்தையின் வழியை அறுத்தது. மான் தீவில் மற்றொருவரின் கையிற் புத்தகத்தைக் கொடுத்தது. வில்ஹெல்மின் மகன் ரைமர் 1969இல் வெளியிட்ட ‘வெஸ்டர்லாண்ட்’ என்ற செம்மஞ்சள் ரோசா, ஸில்ட் தீவின் கடற்கரை நகர் ஒன்றின் பெயரைத் தாங்கியது. 1974இல் அது ஜேர்மனியின் பொது ரோசாத் தேர்விற் சான்று பெற்றது. அத்தேர்விற் செடிகள் நாட்டின் பல இடங்களில் நடப்பட்டு, ஆண்டுக்கணக்கில் நோக்கப்படும். 1997 முதல் அங்கே பீடைகொல்லிகளுக்கு முற்றாக இடமில்லை. கோர்டெஸ் பண்ணையோ 1990 அளவிலேயே தன் பரிசோதனை நிலத்திற் பங்கசு நாசினி தெளிப்பதை நிறுத்திவிட்டது. நோயுறும் செடி நோயுறட்டும், நிற்பது நிற்கட்டும் என்பதே முறை. அழகிய பூவைத் தந்த நாற்றுகள் எத்தனையோ இலையுதிர்ந்து எரிகுழிக்குப் போயிருக்கும். அட்டையில் உள்ள ‘எளிது’ என்னும் சொல் அவ்விழப்பிற் பிறந்தது.

அச்சொல்லாற் பயனடைவோர் யார்? மாளிகைத் தோட்டம் உடையவர்க்கு வேலையாள் உண்டு. எளிமை அவர்க்குத் தேவையன்று. ஜேர்மன் நகரங்களின் ஓரங்களில், புகையிரதப் பாதைகளை ஒட்டிக் கிடக்கும் குத்தகைச் சிறுதோட்டங்களில் உழைப்போருக்கே அது தேவை. லைப்சிக் மருத்துவர் ஷ்ரேபரின் பெயரால் வழங்கும் அத்தோட்டங்களின் பரப்பு 400 சதுர மீற்றரை விஞ்சலாகாது என்கிறது 1983ஆம் ஆண்டுச் சட்டம். அதிலும் மூன்றிலொரு பங்கிலாவது காய்கனி விளைய வேண்டும் என்பது 2004இல் வந்த நீதிமன்றத் தீர்ப்பு. வார இறுதியில் மட்டும் வந்து உருளைக்கிழங்குக்கும் அவரைக்கும் இடையில் நிற்கும் தொழிலாளிக்கு, பத்து நாளுக்கொருமுறை மருந்து கேட்கும் ரோசா ஒரு சுமை. தவிர, தெளிக்கும் மருந்து பக்கத்துக் கீரைப் பாத்தியிலும் படியும். அங்கே ‘வெஸ்டர்லாண்ட்’ போன்ற செடி ஒன்று போதும். ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் வரை எழும் அதனைக் குடிலின் சுவரோடு சாய்த்துக் கட்டிவிட்டால் நிலம் மிச்சமாகும்.

எளிது என்பது கைகட்டி இருத்தலன்று. நாளுக்கு ஆறு மணி நேர வெயிலும், இலைகளுக்கிடையே காற்றும் வேண்டும். சுவருக்கும் செடிக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி விடாதவன் பின்னர் நோயை நோவதிற் பயனில்லை. இலையுதிர் காலத்தில், ஒட்டுப்போட்ட முடிச்சு மண்ணுக்குக் கீழே ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்தில் இருக்குமாறு நடுவர். உறைபனி அதனைத் தீண்டாது. நீர் வேரடிக்கு மட்டும், அதுவும் காலையில். உதிர்ந்த இலையைப் பொறுக்க வேண்டும். பங்கசு குளிர்காலத்தை அதிலேதான் கழிக்கிறது. யூலைக்குப் பின் நைதரசன் உரம் இடுவதில்லை. இட்டால் இளந்தண்டு முதிராமலே பனியில் மாட்டும். கிளை வெட்டும் நாளை அங்கே நாட்காட்டி சொல்வதில்லை. போசைத்தியா என்ற புதரின் மஞ்சட் பூ விரியும்போது வெட்டு என்பது வழிவழி வந்த மொழி. நமது தேயிலைத் தோட்டங்களில் ‘கவ்வாத்து’ எனப்படும் அத்தொழிலுக்குக் கூரிய கத்தியும் இரக்கமின்மையும் வேண்டும் என்பதைக் கவ்வாத்துக்காரர் எவரும் ஒப்புக்கொள்வர். இத்தனையும் செய்த பின்னரும் மழை மிக்க ஆண்டில் அடியிலைகளிற் சில கரும்புள்ளிகள் தோன்றத்தான் செய்யும். அவற்றைக் கண்டு நாசினிப் போத்தலைத் தேடி ஓடுபவர் அட்டையைத் தவறாக வாசித்தவர். செடி அவற்றோடு வாழ வல்லது. மேலே புதுத் தளிர் வந்துகொண்டேயிருக்கும்.

பூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதழின் உட்புறம் செப்பேறிய செம்மஞ்சள், புறம் பொன்மஞ்சள், மணமும் உண்டு. மொட்டவிழ்ந்த நாளில் இருக்கும் அந்நிறம் மூன்றாம் நாள் இருப்பதில்லை. பாரசீகத்து ரோசா தந்த மஞ்சள் நிறப்பொருள் வெயிலிற் சிதைய, அதனோடு கலந்திருந்த செந்நிறம் மட்டும் எஞ்சி, இதழ் மெல்ல இளஞ்சிவப்பாகும். ஒரே கொத்தில் மொட்டு செம்மஞ்சளாகவும், விரிந்தது பழுத்த பாதாமி நிறமாகவும், முதிர்ந்தது இளஞ்சிவப்பாகவும் நிற்பது அதனாலேயே. கோடையில் இம்மாற்றம் விரைந்து நிகழ்கிறது. ஒக்டோபரில், கிழங்கு அகழ்ந்தெடுத்த பாத்திகள் வெறுமையாய்க் கிடக்கையில், வெயில் தணிந்து குளிர் ஏறுகிறது. அப்போது விரியும் கடைசிக் கொத்து முன்னையவற்றினும் ஆழ்ந்த செம்மஞ்சளோடு, முதல் உறைபனி விழும் வரை பல நாள் நிறம் மாறாது நிற்கிறது.