யாரா பள்ளத்தாக்கில் ஒரு மிடறு

வைன் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மற்றப் பாதிப்பேர் எத்தனை போத்தல் என்று கேட்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது என்பதை நான் அறிந்தது அவுஸ்திரேலியாவுக்கு வந்த பிறகுதான். குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. குடியாத வீடுகள் குடியாமலே இருக்கட்டும். ஆனால் வேலைத்தலத்து நத்தார் விருந்திலும், பிள்ளைகளின் சிநேகிதர் வீடுகளிலும் இந்தக் கிண்ணம் ஒருநாள் எங்கள் முன்னால் வந்தே தீரும். அது என்னவென்று அறிந்து வைத்திருப்பது நல்லது.

மெல்பேர்ணில் இருப்பவர்களுக்கு இதைப் பார்க்கச் சிறந்த இடம் யாரா பள்ளத்தாக்கு. டண்டினோங் பக்கத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியால ஓட்டம். மறூண்டா நெடுஞ்சாலையில் லிலிடேலைத் தாண்டியதும் வீடுகள் குறைந்துவிடும். ரெயின் பாதையும் லிலிடேலுடன் முடிந்துவிடும். அடுத்தது கோல்ட்ஸ்ரீம். அங்கிருந்து முந்திரிகைத் தோட்டங்கள் தொடங்கும். ஹீல்ஸ்வில் மிருகச்சாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனவர்கள் எல்லோரும் இந்த வழியால்தான் போயிருப்பீர்கள், இறங்கித்தான் இருக்கமாட்டீர்கள். உரும்பிராய், நீர்வேலிப் பக்கம் நாங்கள் கண்டது தலைக்கு மேலே பந்தலில் படர்ந்த முந்திரிகை. இங்கே கம்பியில் கட்டி, மிளகாய்க் கன்று நட்டதுபோல நிரை நிரையாக விட்டிருக்கிறார்கள்.

இந்தப் பள்ளத்தாக்கில் முதல் முந்திரிகைக் கொடியை நட்டவர்கள் ரைரி சகோதரர்கள். 1838இல் மாடுகளைச் சாய்த்துக்கொண்டு வடக்கேயிருந்து வந்தவர்கள். பிறகு சுவிஸ் நாட்டுக் குடும்பங்கள் வந்து தோட்டத்தைப் பெருக்கின. 1889இல் பாரிஸ் கண்காட்சியில் யெரிங் தோட்டத்து வைன் பெரும் பரிசை வென்றது. அவ்வளவு புகழுக்குப் பிறகும் எல்லாம் அழிந்துபோனது. 1890களில் பணமுடை வந்தது, சனங்களும் இனிப்பான வெறிய வைன்களைத் தேடினார்கள், தோட்டங்களில் திரும்பவும் மாடு மேய்ந்தது. 1960களின் கடைசியில்தான் சிலர் புதிதாக நட்டார்கள். 1986இல் பிரான்ஸ் நாட்டு மொயே சாந்தோன் கம்பனியே வந்து இங்கே காணி வாங்கியது.

ரைரி சகோதரர்களுக்கு முன் இது யாருடைய காணி என்பதையும் சொல்லவேண்டும். இது வுருஞ்ஜெரி மக்களின் மண். அவர்களை 1863இல் ஹீல்ஸ்வில் அருகே கொரண்டர்க் என்ற இடத்தில் குடியமர்த்தினார்கள். அங்கே அவர்கள் பியருக்குப் போடும் ஹொப்ஸ் பயிரிட்டுக் கண்காட்சியில் பரிசும் வாங்கினார்கள். நிலத்தைப் பறிக்க அரசாங்கம் முயன்றபோது வில்லியம் பராக் என்ற தலைவர் தன் ஆட்களுடன் மெல்பேர்ணுக்குக் கால்நடையாகவே போய் முறையிட்டார். ஆனாலும் 1924இல் கொரண்டர்க்கை மூடிவிட்டார்கள். இதை வாசித்தபோது எனக்கு எங்கள் ஊர்தான் நினைவுக்கு வந்தது.

சரி, சுவைக்கு வருவோம். எனக்கு முதற்பாடம் சொன்னவர் எங்கள் பக்டரியில் வேலை செய்த இத்தாலியக் கிழவர். மார்ச் மாதம் பெட்டி பெட்டியாகப் பழம் வாங்கி, குடும்பமாகக் கூடி, காராஜுக்குள் பிழிந்து வைப்பார். எங்கள் முற்றத்தில் எல்லோரும் இருந்து ஒடியலுக்குக் கிழங்கு கிழிப்பதைப் போன்ற வேலை. பெரும்பாலான கறுப்பு முந்திரிகையின் சாறும் வெள்ளைதான், சிவப்பு நிறம் தோலிலிருந்து வருகிறது என்று அவர்தான் காட்டித் தந்தார். தோலோடு ஊறினால் சிவப்பு வைன். சாற்றை உடனே பிரித்தெடுத்தால் வெள்ளை.

தோலும் விதையும் தருவதுதான் துவர்ப்பு. இந்த இடத்தில் எங்களுக்கு ஒரு வசதி உண்டு. அறுசுவையில் துவர்ப்பு என்று தனியே ஒன்றை எண்ணி வைத்தவர்கள் நாங்கள். நாவற்பழம், வாழைப்பூ, பாக்கு, சாயம் கூடிய பிளேன்ரீ எல்லாம் நாக்கைப் பிடித்து இழுக்குமே, அந்த இழுவைதான். இங்குள்ளவர்கள் அதைச் சொல்லத் தடுமாறுகிறார்கள், எங்கள் பிள்ளைக்கும் அது தெரியும். யாரா பள்ளத்தாக்கு குளிர்ப் பகுதி. ஆகையால் இங்கத்தைய பினோ நுவார், சார்டனே வைன்களில் புளிப்புத் தூக்கலாக இருக்கும்.

சுவைக்கும் கூடங்களில் கிண்ணத்தின் அடியில் ஒரு விரற்கடை மட்டும் ஊற்றுவார்கள். கஞ்சத்தனம் என்று நினைக்கவேண்டாம், மணம் எழும்புவதற்கு இடம் வேண்டும். தண்டில் பிடித்து, வெள்ளைத் தாளுக்கு முன் நிறம் பார்த்து, சுழற்றி, மணந்து, பிறகு வாயில் எடுத்து உருட்டவேண்டும். துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள், துப்புவது மரியாதைக் குறைவல்ல. கொழும்பில் தேயிலை பரிசோதிப்பவர்களும் உறிஞ்சித் துப்பித்தான் தரம் சொல்கிறார்கள்.

என் மனைவி குடிப்பதில்லை. கிண்ணத்தை மணந்து மட்டும் பார்த்தா. பினோவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. சிராஸ் வந்ததும், "இஞ்சாருங்கோ, இது ரசத்துக்கு மிளகு இடிச்ச மணமெல்லோ!" என்றா. அதை நான் ஆங்கிலத்தில் சொன்னபோது ஊற்றிக்கொடுத்த பெண் கை தட்டினாள். அது கற்பனையல்ல. மிளகுக்கு மணம் தரும் ரொட்டண்டோன் என்ற பொருள் சிராஸிலும் இருக்கிறது என்று அவுஸ்திரேலிய விஞ்ஞானிகள் 2008இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஐந்தில் ஒருவருக்கு அந்த மணம் பிடிபடாதாம். எனக்கும் அன்று பிடிபடவில்லை.

இனிக் கசப்பான பக்கம். எங்கள் கொண்டாட்டங்களில் மண்டபத்துக்கு வெளியே, கார் டிக்கிக்குப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். உள்ளே மனைவிமார் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நூறு மில்லிலீற்றர் வைன் ஏறக்குறைய ஒரு 'ஸ்ராண்டட் ட்ரிங்க்'. ஒரு முழுப் போத்தலில் ஏழெட்டு. போத்தலின் லேபலிலேயே அது போட்டிருக்கும். முழு லைசன்ஸ் உள்ளவருக்கு எல்லை 0.05, 'பி' தகடு போட்டவருக்கு ஒரு துளியும் ஆகாது. சுவைக்கப் போகும்போது துப்பினாலும் குடியாத ஒருவர் ஓட்டுவதே நல்லது.

நித்திரை வருவதற்காகக் குடிக்கிறேன் என்று சொல்லும் சகோதரர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். கண்ணை மூடினால் ஷெல் சத்தம் கேட்கிறது என்பார்கள். அவர்களுக்கு வைன் பற்றிய பாடம் உதவாது. பவுண்டேசன் ஹவுஸ் என்ற அமைப்பு 1987 முதல் விக்டோரியாவில் போரிலும் சித்திரவதையிலும் அடிபட்டவர்களுக்கென்றே இயங்குகிறது. காசு கேட்பதில்லை, மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசலாம். மனைவிமார் இந்த வரிகளை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

போக விரும்புகிறவர்கள் பெப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ போனால் குலைகளைக் காணலாம். ஆடி மாதத்தில் வெறும் கட்டைதான் நிற்கும். பிள்ளைகள் நிரைகளுக்குள் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேரைத் தின்னும் பிலொக்சரா என்ற பூச்சி 2006இல் இங்கே காணப்பட்டது. அது சப்பாத்து மண்ணில் ஒட்டிக்கொண்டு ஒரு தோட்டத்திலிருந்து மற்றத் தோட்டத்துக்குப் போய்விடும். கேட்டுவிட்டு இறங்குங்கள், சப்பாத்தைக் கழுவச் சொன்னால் கழுவுங்கள். புளிச்சாதமும் தண்ணீரும் காரில் இருக்கட்டும், அங்கே சாப்பாடு விலை.