நாற்பது குதிரைகள்

பழங்கார் ஆர்வலர் இருவர் ஓரிடத்திற் கூடுவராயின், ஆங்கு நிகழும் வாதத்திற்குப் புலவர் வாதமும் தோற்கும். எந்த ஆண்டில் எந்த விளக்கு மாறியது, எந்த எஞ்சினின் கொள்ளளவு எத்துணை என்பனவற்றை அவர் நாட்கணக்கிற் பேசுவர், உணவையும் மறப்பர். தமிழ் கற்பிக்கும் எமக்கு இவரோடு யாது தொடர்பு என்று வினவுவோர் உளர். சிறுபராயத்தே எம்மைப் பற்றிய பித்து இது. நரை தோன்றும் இந்நாளிலும் அது நீங்கிற்றில்லை. யூபிலி மலருக்கு ஏதேனும் எழுதித் தருக என்று மலர்க்குழுவினர் பணித்தபோது, இலக்கணத்தை விடுத்து இதனையே எழுதத் துணிந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. அதனை முடிவிற் கூறுவோம்.

சென்ற ஆண்டு யூபிலி நடைபவனியின் பொருட்டுப் பழைய மாணவர் சிலர் தம் பழங்கார்களைக் கல்லூரி மைதானத்திலே கொணர்ந்து நிறுத்தியிருந்தனர். வேப்பமர நிழலில் நின்ற ஒஸ்ரின் ஏ-40 ஒன்றன் முன்னே இருவர் சொற்போர் தொடுத்தனர். “ஏ-40இன் எஞ்சின் 1200 சீ.சீ.” என்றார் ஒருவர். “இல்லை, 948” என்றார் மற்றவர். அவ்வழியே சென்ற எம்மைக் கண்டு, “சேர் வாறார், தீர்ப்பை அவரே சொல்லட்டும்” என்று இருவரும் நகைத்தனர். சூழ நின்ற மாணவருள் ஒருவன், “சேர், அந்த நாற்பது எதைக் குறிக்கும்?” என்று வினவினான். மூவர் வினாக்களுள்ளும் அவன் வினாவே சிறந்ததென்று எமக்குத் தோன்றிற்று.

இருவர் கூற்றும் உண்மையே. 1947ஆம் ஆண்டிலே ஒஸ்ரின் நிறுவனத்தார் வெளியிட்ட முதல் ஏ-40இன் எஞ்சின், நான்கு உருளைகளும் 1200 சீ.சீ. கொள்ளளவும் உடையது. அஃது ஏறத்தாழ நாற்பது குதிரைவலு தந்தமையின் அவ்வெண்ணே காருக்குப் பெயராயிற்று. இங்கிலாந்தின் மாவட்டப் பெயர்களைத் தம் கார்களுக்குச் சூட்டுதல் அந்நிறுவனத்தார் வழக்கம். ஆதலின் நான்கு கதவுடையது டெவன் என்றும், இரு கதவுடையது டோசெற் என்றும் வழங்கின. 1952இல் அவற்றின் வழித்தோன்றலாய் வந்தது சொமசெற். அதன் வலு நாற்பத்திரண்டு. பின்னர் 1958இல் இத்தாலிய வடிவமைப்பாளர் பினின்பரினாவின் கைவண்ணத்திலே புதியதோர் ஏ-40 பிறந்தது. அதனைப் பரினா என்பர். அதன் எஞ்சினோ 948 சீ.சீ.; வலு முப்பத்து நான்கே. பெயரில் நாற்பது இருப்பினும் இலாயத்திற் கட்டிய குதிரைகள் ஆறு குறைந்தன! இவ்வாறு ஒரே பெயருக்குள் வெவ்வேறு கார்கள் ஒளிந்திருத்தலின், “எந்த ஏ-40?” என்று கேளாது விடையிறுப்பவன் பாதியே அறிந்தவனாவான்.

அருகே நின்ற மொறிஸ் மைனரையும் மாணவருக்குக் காட்டினோம். 1948இல் வெளிவந்த அக்காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். வேலை முற்றுப்பெறும் வேளையிலே, கார் ஒடுங்கியிருக்கிறதெனக் கண்ட அவர், மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் விலக்கிப் பார்த்தார். அந்த அகலமே நிலைபெற்றது. ஆயின் முன்கூட்டியே செய்து குவித்த பம்பர்களை என் செய்வது? அவற்றையும் நடுவே வெட்டி, இடையில் ஒரு துண்டு வைத்து ஒட்டினர். தொடக்ககால மைனரின் பம்பரில் நடுவே தோன்றும் அவ்வொட்டு, அழகுக்காக வைத்ததன்று. பொனற்றின் நடுவிலுள்ள தட்டையான பட்டையும் அவ்வகலிப்பின் அடையாளமே. காரின் உடலில் உள்ள வடுக்களுக்கும் வரலாறு உண்டு என்று கூறினோம்.

எண்களுக்கும் அவ்வாறே. ஏ-40 டெவனின் உருளையின் விட்டம் ஏறத்தாழ 65 மில்லிமீற்றர். அதனுள் ஏறியிறங்கும் முசலம், அதாவது பிஸ்ரன், செல்லும் தொலைவோ 89 மில்லிமீற்றர். விட்டம் குறுகி ஓட்டம் நீண்டது ஏன்? இங்கிலாந்திலே 1940களின் பிற்பகுதிவரை காருக்குரிய வரியை உருளையின் விட்டத்தையும் உருளைகளின் தொகையையும் கொண்டே கணித்தனர். முசலம் எத்துணை தூரம் ஓடினும் அதற்கு வரியில்லை. ஆதலின் பொறியியலாளர் உருளையை ஒடுக்கி ஓட்டத்தை நீட்டினர். அவ்வரி நீங்கிய பின்னரும் அப்பழக்கம் உடனே நீங்கிற்றில்லை. நீண்ட ஓட்டமுடைய எஞ்சின் விரைந்து சுழலாது. ஆயினும் மெல்லச் சுழலும்போதே நன்கு இழுக்கும். எங்கோ ஒரு நாட்டார் வரிக்கு அஞ்சிச் செய்த எஞ்சின், யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் எட்டுப் பேரையும் இரண்டு நெல்மூட்டைகளையும் சுமக்கும் வாடகைக் காருக்கு வாய்ப்பாயிற்று.

இவற்றையெல்லாம் யாம் பதினொரு வயதிலேயே மனனம் செய்திருந்தோம். மாமனார் வீட்டிலே கிடந்த பழைய மோட்டார்ப் புத்தகம் ஒன்றே எமது ஆசான். எம் அயலிலே சொமசெற் கார் வைத்து வாடகைக்கு ஓடிய முதியவர் ஒருவர் இருந்தார். ஊரார் அவரைக் கார்க்கார அப்பு என்பர். 1990ஆம் ஆண்டின் பின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட, கார்கள் மண்ணெண்ணெயிலே ஓடிய காலம் அது. அவர் வாயிலில் நின்று, “அப்பு, உங்கடை காருக்கு நாற்பத்திரண்டு குதிரைவலு” என்று யாம் ஒப்புவிப்போம். அவர் சிரித்து, “அது புத்தகத்திலை, தம்பி. மண்ணெண்ணெய் குடிச்சா அதிலை பத்துக் குதிரை படுத்திடும். மிச்சம்தான் எங்களை இழுக்குது” என்பார்.

மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. ஆதலின் முதலிற் சிறிது பெற்றோலை ஊட்டி எஞ்சினை எழுப்பி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுதல் வேண்டும். அதன்பொருட்டு அப்பு, பொனற்றின் உட்புறத் தகட்டிலே இரண்டு துளையிட்டு, ஒரு சிறு தகட்டுக் கொளுவியை முடுக்கி, அதில் மருந்துப் போத்தல் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அதிலிருந்து மெல்லிய குழாய் காபரேற்றருக்குச் சென்றது. அக்கால எஞ்சின்களின் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று என்னும் அளவிலேயே இருந்தமையின் அவை மண்ணெண்ணெயைப் பொறுத்தன. பின்வந்த கார்கள் பல அதனைக் குடித்தால் எஞ்சினுள் தட்டியோசை எழுப்பின. முதுமையே ஒஸ்ரினுக்கு வலிமையாயிற்று.

1993ஆம் ஆண்டு மாரிகாலத்து இரவொன்றில் எம் தங்கைக்குக் காய்ச்சல் மிகுந்து வலிப்புக் கண்டது. மின்சாரம் இல்லாத காலம். தந்தையார் ஓடிச்சென்று அழைக்க, அப்பு உடுத்த சாரத்தோடே வந்தார். வெண்புகை கக்கிக்கொண்டு கார் பெரியாசுபத்திரியை அடைந்தது. பெற்றோர் தங்கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே விரைந்தனர். யாம் முன்னாசனத்திலே இருந்தோம். ஒரு மணி நேரத்திற்கு மேலாகியும் அப்பு எஞ்சினை நிறுத்தவில்லை. மண்ணெண்ணெயில் எஞ்சின் மெல்லச் சுழலின் அணைந்துவிடும். ஆதலின் காலை மிதியிலிருந்து எடாது அழுத்திக்கொண்டே இருந்தார்.

“ஏன் அப்பு நிப்பாட்டேல்லை?” என்று கேட்டோம்.

“நிப்பாட்டினா ஆறிப்போகும், தம்பி. ஆறினாத் திருப்பி எடுக்கப் பெற்றோல் வேணும். போத்தலுக்கை கிடக்கிறது ஒருதரத்துக்குத்தான் காணும். விடியமுன்னம் இன்னொரு வீட்டிலை கூப்பிட்டா, நான் என்னத்தைச் சொல்லுறது?”

தங்கை பிழைத்தாள். இன்று இரு பிள்ளைகளுக்குத் தாய். அன்றிரவு அப்போத்தல் வேறெவர்க்கேனும் பயன்பட்டதோ, யாம் அறியோம். 1995ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து இடப்பெயர்வின் பின் அப்புவையும் கண்டோமில்லை, காரையும் கண்டோமில்லை. தீப்பொறி எவ்வளவு தாமதித்து விழுமாறு எஞ்சினைத் திருத்தினார், மண்ணெண்ணெய் கசிந்து நீர்த்த எண்ணெயை எத்தனை நாளுக்கொருமுறை மாற்றினார் என்று ஒருநாளேனும் யாம் கேட்டோமில்லை. எமக்குத் தெரிந்த எண்களை அவருக்கு ஒப்புவித்ததன்றி, அவருக்குத் தெரிந்தவற்றை யாம் கற்றோமில்லை. சூத்திரத்தை மனனம் செய்து உரையைக் கேளாது விட்ட மாணாக்கன் நிலையே எமது நிலை.

மைதானத்திற்கு மீள்வோம். தீர்ப்புக் கூறி முடிந்ததும், 1200 சீ.சீ. என்று வாதிட்டவர் தம் காரின் பொனற்றை உயர்த்தி, “சேர், இன்னுமொரு சந்தேகம். இந்த இரண்டு துளையும் எதுக்கெண்டு தெரியேல்லை. கொம்பனிப் புத்தகத்திலையும் இல்லை. அடுத்தமுறை பெயின்ற் அடிக்கேக்கை ஒட்டி மூடலாமெண்டு இருக்கிறன்” என்றார். குனிந்து நோக்கினோம். அஃது அப்புவின் கார் அன்று. ஆயினும் துளைகள் அவ்விடத்திலேயே, அவ்விடைவெளியிலேயே இருந்தன. அருகே துருவேறிய கொளுவியின் சுவடும் தெரிந்தது.

யாம் அறிந்ததைக் கூறினோம். சிறிது நேரம் அவர் பேசினாரில்லை. கொழும்பிலே வளர்ந்தவர், அக்காரைத் தந்தையார் நினைவாக வாங்கியவர். பின்னர் பொனற்றை மெல்லத் தாழ்த்தி, “மூடமாட்டன், சேர். நீங்கள் இதை எங்கையாவது எழுதிவையுங்கோ” என்றார்.

அதன்பொருட்டே இதனை எழுதினோம். மாணவச் செல்வங்களே, டெவனின் ஆண்டு, பரினாவின் கொள்ளளவு முதலியன நூல்களில் உள, நாளையும் இருக்கும். நும் ஊர்க் கராச்சில் எண்ணெய் படிந்த கையோடு அமர்ந்திருக்கும் முதியவர் அறிந்தவை எந்நூலிலும் இல. இன்று மாலையே சென்று கேண்மின்.