கோலும் அளவுகோலும்

சென்ற மே மாத விடுமுறையில் டோக்கியோவின் நிஷிகசாய் பகுதியில் பதினைந்து நாள் தங்கியிருந்தோம். சுற்றுலா அன்று. நம் மைத்துனர் அதற்கு முந்தைய ஆண்டு மாரடைப்பால் காலமானார். தங்கையும் அவள் மகளும் திருச்சிக்குத் திரும்ப முடிவு செய்துவிட்டமையால், வீட்டை ஒழித்துக் கொடுக்கச் சென்றிருந்தோம். பாத்திரங்களையும் துணிமணிகளையும் கட்டி முடித்த பின்னர், அலமாரியின் உட்புறத்திலிருந்து நீண்ட தோலுறை ஒன்றைத் தங்கை எடுத்து வைத்தாள்.

உள்ளே பூல் ஆடும் கோல் இருந்தது. ஓர் அடித்தண்டு, இரண்டு மேல்தண்டுகள். அடித்தண்டில் ஜார்ஜ் பலபுஷ்கா என்னும் பெயர். அமெரிக்காவில் அந்தப் பெயர் பொறித்த கோல் பல லட்சம் ரூபாய் பெறும் என்று அலுவலக நண்பர் ஒருவர் அவளிடம் சொல்லியிருந்தார். பழம்பொருள் கடைக்காரர் ஒருவரோ பத்தாயிரம் யென்னுக்கு மேல் தர இயலாது என்றாராம்.

"அண்ணா, பழைய சுவடியெல்லாம் பாத்து எது அசல், எது நகல்னு சொல்றவர் நீங்க. இதையும் பாத்துச் சொல்லுங்களேன். பாப்பா காலேஜ் ஃபீஸுக்கு ஆகும்" என்றாள்.

சுவடி பார்த்த கண்ணுக்குக் கோல் புரியுமா? அன்றிரவு கிடைத்ததையெல்லாம் படித்தோம். பலபுஷ்கா 1912இல் ரஷ்யாவில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த தச்சர். 1959 முதல் 1975இல் மறையும் வரை நியூயார்க்கில் கோல் கடைந்தார். பதினாறு ஆண்டுகளில் ஒருவர் கைவேலை எவ்வளவு இருக்கும்? அந்த அருமையே விலையாயிற்று. 1986இல் வெளிவந்த 'தி கலர் ஆஃப் மனி' படம் அவர் பெயரை ஊரெல்லாம் கொண்டு சென்றது. வேடிக்கை என்னவெனில், படத்தில் பலபுஷ்கா என்று காட்டப்பெற்றது ஜாஸ் என்னும் வேறொரு அமெரிக்க நிறுவனத்தின் கோல்.

நம்மை உறங்கவிடாத செய்தி அடுத்தது. ரிச்சர்ட் ஹெல்ம்ஸ்டெட்டர் என்னும் அமெரிக்கர் ஜப்பானுக்குச் சென்று தொடங்கிய ஆதம் நிறுவனம், பலபுஷ்காவின் பெயருக்கு உரிமம் பெற்று, ஜப்பானில் வரிசையாகக் கோல்கள் செய்திருக்கிறது. தங்கையிடம் இதை எப்படிச் சொல்வது? காலையிலும் சொல்லவில்லை. மைத்துனர் சனிக்கிழமைதோறும் ஆடிய கூடத்துக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னோம்.

கூடத்தின் உரிமையாளர் எழுபதைக் கடந்தவர். எல்லோரும் அவரை 'மாஸ்டர்' என்றே அழைக்கின்றனர். தங்கையைக் கண்டதும் எழுந்து நெடுநேரம் குனிந்து வணங்கினார். அவர் பேசப் பேசத் தங்கை நமக்குத் தமிழில் சொன்னாள்.

மாஸ்டர் பெயரைப் பார்க்கவேயில்லை. முதலில் தண்டுகளைத் தனித்தனியே மேசைமேல் உருட்டி, மரத்துக்கும் மேசைக்கும் இடையே தெரியும் ஒளிக்கீற்று அலைகிறதா என்று கவனித்தார். பின்பு அவற்றைப் பூட்டி உருட்டினார். தனியே நேராக ஓடும் தண்டுகள் பூட்டியபின் தள்ளாடினால் குற்றம் இணைப்பில் என்று பொருள். இணைப்பின் மேல் நகத்தை ஓட்டினார், எங்கும் தட்டவில்லை. மேல்தண்டு மேப்பிள் மரம். அதன் ரேகைகள் இடையில் விலகி ஓடாமல் நுனிப் பூண் வரையில் நேராகச் செல்கின்றனவா என்று விளக்கடியில் பார்த்தார். விரல் கணுவால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். உள்ளே ஏதேனும் தளர்ந்திருந்தால் ஓசை அதிருமாம்.

அடித்தண்டில் கரிய மரத்தின் ஈட்டிமுனைகள் நான்கு, மேப்பிளுக்குள் ஏறியிருந்தன. நான்கும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா, ஊசியாக முடிகின்றனவா என்பதே அடுத்த கேள்வி. வெட்டுக்கருவியால் குடைந்து பதித்த முனை சற்றே மழுங்கியிருக்கும். மரத்தோடு மரத்தை ஆப்புப்போல் பிளந்து பொருத்திய முனை கூராகவே முடியும். நுனித் தோலையும் கைப்பிடியின் நூல் சுற்றையும் அவர் பொருட்படுத்தவில்லை. அவை தேயும், மாற்றிக்கொள்ளலாம்.

"மரம் ஈரத்துக்கு அசையும். இங்கே ஆண்டுதோறும் மழைக்காலம் வருகிறது. நல்ல தொழிற்கூடத்தில் ஒரே மூச்சில் கடைந்துவிடமாட்டார்கள். கொஞ்சம் கடைவார்கள், மாதக்கணக்கில் ஆறவிடுவார்கள், மறுபடி கடைவார்கள். அந்தப் பொறுமையைக் கண்ணால் பார்க்க முடியாது. பல ஆண்டு கழித்து உருட்டினால் தெரியும்" என்றார்.

பிறகு தம் அலமாரியிலிருந்து இன்னொரு கோலை எடுத்துப் பக்கத்தில் கிடத்தினார். அதே பெயர், அதே வரிசை. அவர் சொன்னதைக் கேட்ட தங்கை உடனே மொழிபெயர்க்கவில்லை. சிறிது நேரம் கழித்து, "அந்தப் பெரியவர் செஞ்சது இல்லையாம் அண்ணா. ஜப்பான்ல செஞ்சதாம். அவருக்கும் இது தெரியுமாம். தெரிஞ்சுதான் வாங்கினாராம்" என்றாள்.

நாம் சொல்லத் தயங்கியதை அவள் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டோம். அந்தக் குற்ற உணர்வு இன்றும் உண்டு.

ஆண்டுதோறும் வகுப்பில் நாம் ஒன்றை விளக்குகிறோம். சங்கப் பாடல்களைப் பாடிய ஔவையும் ஆத்திசூடி தந்த ஔவையும் ஒருவர் அல்லர். இடையே பல நூற்றாண்டுகள். கேட்டவுடன் மாணவர் சிலர் முகம் வாடும், ஏதோ ஏமாற்றப்பட்டதுபோல. ஆத்திசூடியின் மதிப்பு அதனால் ஓர் எழுத்தளவும் குறையவில்லை என்று அவர்களுக்குச் சொல்வோம். ஆயினும், தங்கையின் கோல் என்றதும் அந்தப் பெயரையே பற்றிக்கொண்டு ஓரிரவு விழித்திருந்தோம்! விலை பெயரைக் கேட்கிறது. ஏலத்தில் அது நியாயமும்கூட. தரம் மரத்தையும் இணைப்பையும் கேட்கிறது. 'கஸ்டம்' என்னும் சொல்லும் அப்படியே. ஒருவருக்கென அளவெடுத்துச் செய்தது என்பது அதன் பொருள். ஆதம் நிறுவனத்தின் பெயரிலேயே அது ஒட்டியிருப்பதால், வரிசையில் செய்த கோலும் அந்தச் சொல்லோடு சந்தைக்கு வந்துவிடுகிறது.

நிற்க. மாஸ்டர் தம் கணிப்பைச் சொன்னார். கோல் நேர், இணைப்பு குற்றமற்றது, முனைகள் சமம். இரண்டு மேல்தண்டுகளோடு அறுபதாயிரம் யென், தாமே வாங்கிக்கொள்வார். கடைக்காரர் சொன்னதைப்போல் ஆறு மடங்கு, நண்பர் சொன்னதன் நிழலைக்கூடத் தொடாத தொகை.

தங்கை மேல்தண்டுகள் இரண்டையும் கையில் எடுத்தாள். ஒன்று புதிதுபோல் வெளுத்திருந்தது. மற்றதில் நுனிப் பூணுக்குக் கீழே சுண்ணப்பொடியின் நீலம் மரத்துக்குள் இறங்கி, துடைத்துத் துடைத்து மெருகேறியிருந்தது. "இது ஒண்ணை நான் வச்சுக்கிட்டா?" என்று கேட்டாள்.

"நாற்பதாயிரம்" என்றார் மாஸ்டர். இரக்கம் காட்டி விலையை ஏற்றவுமில்லை, குறை சொல்லவுமில்லை. துலாக்கோல் பிடித்தவர் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. தங்கை சரி என்று தலையசைத்தாள்.

அந்த இருபத்தொன்பது அங்குல மரத்துண்டு இப்போது திருச்சி வீட்டில், மகளின் படிப்பு மேசையருகே சுவரில் கிடையாக மாட்டியிருக்கிறது. சாய்த்து வைத்தால் வளைந்துவிடும் என்று மாஸ்டர் எச்சரித்து அனுப்பியிருந்தார். சென்ற வாரம் போயிருந்தபோது மகள் அதைக் கழற்றி மேசைமேல் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காவிரிக்கரை ஈரத்தையும் தாங்கி, நேராகவே ஓடியது.