பூவுக்குக் காத்திருக்கும் வாசற்படிகள்

மார்ச் மாதத்தின் நடுவில் ஒரு நாள். தமிழ்ப் பஞ்சாங்கத்தில் பங்குனி பிறக்கும் அதே நாளில் உத்தராகண்டின் குமாவுன் மலைகளில் சைத் மாதம் பிறக்கிறது. எதிர்மலையில் வெயில் விழும் முன்பே பிள்ளைகள் கிளம்பிவிடுகிறார்கள். கையில் மூங்கில் கூடை அல்லது பித்தளைத் தட்டு. அதில் சின்னஞ்சிறு மஞ்சள் பியூலி, ரத்தச் சிவப்பில் புராஞ்ச், வெளிர் ரோஜா நிறத்தில் பீச், வயல் ஓரத்துக் கடுகுப் பூ. வீடு வீடாகப் போய் வாசற்படியில் பூ வைத்து, அந்த வீட்டை வாழ்த்திப் பாடுகிறார்கள். வீட்டுக்காரி கூடையில் அரிசியும் வெல்லமும் கொஞ்சம் சில்லறையும் போடுகிறாள். இதற்குப் பெயர் பூல் தேயி. தேயி என்றால் வாசற்படி.

மலைக்காரர்களுக்கு வசந்தம் அன்றுதான் வீட்டுக்குள் வருகிறது. ஆனால் அது வருவதற்குப் படி தயாராக இருக்க வேண்டும். அதற்கு முன் தரை, சுவர், கூரை, முற்றம், தோட்டம். பங்குனி பிறப்பதற்கு முந்தைய சில வாரங்களில் அல்மோடாவிலும் நைனிதாலின் மேல்பகுதிகளிலும் நடப்பது வீட்டையே புதுப்பிக்கும் வேலை. பொங்கலுக்கு முன் வெள்ளையடித்துப் பழக்கப்பட்டவர்களுக்கு அந்தப் பரபரப்பு புரியும்.

தில்லியில் ஃபார்ம் ஹவுஸ் என்றால் சத்தர்பூர் பக்கத்துப் பெரிய மதில், நீச்சல் குளம், கல்யாண வரவேற்பு. பண்ணை எங்கே என்று யாரும் கேட்பதில்லை. குமாவுன் விவசாயியின் வீடு அதற்கு நேர் எதிர். பண்ணை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கீழ்த்தளம், தலை குனிந்து நுழைய வேண்டிய கோட். அதாவது மாட்டுத் தொழுவம். மேல்தளத்தில் மனிதர்கள். மாடுகளின் உடல் சூடு மரத்தளத்தின் வழியே ஏறி, ஜனவரிக் குளிரில் மேலே படுத்திருப்பவர்களுக்குக் கதகதப்பாகிறது. சுவர் கல்லும் மண் சாந்தும், சிமென்ட் கிடையாது. கூரைக்குப் படால் என்ற பலகைக்கல். ஜன்னல், கதவுச் சட்டங்களில் லிக்காய் என்ற மரச் செதுக்கல். மயிலும் கொடியும் தெய்வ உருவங்களும் புகையேறிக் கறுத்து நிற்கும். பங்காளிகளின் வீடுகள் பொதுச் சுவரோடு ஒட்டி, பொது முற்றத்தைப் பார்த்து வரிசையாக நின்றால் அது பாக்லி. அக்ரகாரத்தை மலைச்சரிவில் தூக்கி வைத்து, ஒரே கூரையால் மூடியது போல இருக்கும்.

வேலை கூரையில் தொடங்குகிறது. பனியும் குளிர்கால மழையும் பலகைக்கற்களை நகர்த்தியிருக்கும். குரங்குகள் குதித்த இடங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வீட்டு ஆண்களில் ஒருவர் ஏறி, நகர்ந்த கல்லைத் தள்ளி, உடைந்ததை மாற்றுகிறார். அரை நாள் வேலைதான். ஆனால் வீட்டின் ஆயுள் அந்த அரை நாளில் இருக்கிறது. ஒரு கல் விலகிய இடத்தில் நீர் இறங்கினால், முதலில் கீழே இருக்கும் மண் கரையும். பிறகு உத்தரம் உளுக்கும். அடுத்து வரும் ஏதோ ஒரு ஆகஸ்டில் சாந்து கரைந்த சுவர் வயிறு தள்ளிக்கொண்டு விழும். கவனிப்பு இருந்தால் இந்த வீடுகள் நூறு வருஷத்தையும் தாண்டி நிற்கின்றன. ஆள் இல்லாவிட்டால் சில மழைக்காலங்கள் போதும். அடுப்புக்கும் இதில் பங்கு உண்டு. தினமும் ஏறும் விறகுப் புகைதான் கூரை மரத்தைப் பூச்சியிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காக்கிறது. அடுப்பு அணைந்த வீட்டில் கூரை தானாகவே பலவீனமாகிறது.

கூரை முடிந்தால் மீதி எல்லாம் பெண்கள் பொறுப்பு. கமேட் என்ற வெள்ளை மண்ணைக் கரைத்துச் சுவரில் பூசுகிறார்கள். தரைக்குச் செம்மண்ணும் பசுஞ்சாணமும். நல்ல மண் எங்கே கிடைக்கும் என்பது ஒவ்வொரு ஊரிலும் பெண்களுக்குத் தெரிந்த விஷயம்; சரிவில் குடைந்து எடுக்க வேண்டும், குழி சரியும் ஆபத்தும் உண்டு. தலைச்சுமையாகக் கொண்டுவந்து, கல் பொறுக்கி, ஊறவைத்து, சாணத்தோடு பிசைந்து, மண்டியிட்டுக் கையாலேயே மெழுகுகிறார்கள். விரல்கள் அரைவட்டம் அரைவட்டமாகப் போன தடம் காய்ந்த பிறகும் தரையில் தெரியும். குளிர்காலத்தில் வெடித்த இடங்கள் மூடிக்கொள்கின்றன. பூச்சிகள் குறைகின்றன. நெல் உலர்த்தவும் பிள்ளைகள் உருளவும் தரை தயார்.

கடைசியில் வாசற்படி. அதற்கு முதலில் கேரு என்ற காவி. அது காய்ந்ததும் ஊறவைத்த அரிசியை அரைத்த பிஸ்வார். வலது கையின் விரல்களை அதில் நனைத்து, மேலிருந்து கீழாக வழியவிட்டு இழுக்கும் வெள்ளைக் கோடுகள் வசுதாரா. காவிமேல் மாக்கோலம் என்றால் தமிழர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. நம் கோலம் புள்ளியில் பிறக்கிறது, இவர்களது ஐபன் பெரும்பாலும் கோட்டில் பிறக்கிறது என்பதே கண்ணில் படும் வித்தியாசம். அரிசிமாவு எறும்புக்கும் குருவிக்கும் போய்ச் சேரும். மழைக்கு அழியும். அடுத்த பண்டிகைக்கு மீண்டும் போட வேண்டும்.

ஐபனுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று தேநீர்க் கோப்பை, சாவி வளையம், புடவை எல்லாவற்றிலும் அது வருகிறது. மலைப் பெண்கள் பலருக்கு அதில் வருமானமும் வருகிறது. சந்தோஷமே. ஆனால் ஊர்களுக்குள்ளேயே இப்போது வாசற்படியில் சிவப்பு எனாமல் பெயிண்ட், அதன்மேல் வெள்ளை எனாமல் கோடு. சில வீடுகளில் ஸ்டிக்கர். பல மாதங்களுக்கு அழியாது என்பது அதன் சிறப்பு. ஒவ்வொரு வசந்தத்திலும் அந்தப் படியருகே யாரும் உட்கார வேண்டியதில்லை என்பதும் அதனால்தான்.

வீட்டைப் போலவே தோட்டமும் இந்த வாரங்களில் கண் திறக்கிறது. நிலம் இங்கே நாலிக் கணக்கு. 20 நாலி சேர்ந்தால் ஒரு ஏக்கர். அதுவும் படிப்படியாகச் சரிவில் தொங்கும் துண்டு வயல்கள். வீட்டை ஒட்டிய படிதான் காய்கறித் தோட்டம். தொழுவத்தில் மாடுகளுக்குப் படுக்கையாகப் போட்ட ஓக் மர இலை, சாணமும் கோமியமும் ஊறிக் குளிர்காலம் முழுக்க மக்கியிருக்கும். அதைக் கூடை கூடையாகப் பெண்கள் முதுகில் சுமந்து வயலில் கொட்டுகிறார்கள். பிறகு உருளைக்கிழங்கு நடவு. பூண்டும் வெங்காயமும் களையெடுப்புக்குக் காத்திருக்கும். கடுகு இனத்து ராய்க் கீரை பூவெடுக்கும் முன் கடைசிப் பறிப்பு. வெயில் இன்னும் கொஞ்சம் ஏறியதும் பூசணிக்கும் மலை வெள்ளரிக்கும் குழி. குளிர்காலத் தூறலில் சரிந்த வயல் கரைகளைச் சாந்தில்லாமல் கல்மேல் கல்லாக அடுக்குவதும் இப்போதுதான். விட்டால் மழைக்காலம் மண்ணையே வாரிக்கொண்டு போய்விடும்.

ராம்கட், முக்தேஷ்வர் பக்கம் பழ மரங்கள் முக்கியம். கவாத்து குளிர்காலத்திலேயே முடிந்திருக்கும். மரத்தைச் சுற்றிப் பாத்தி கொத்தி எரு வைத்து, அடிமரத்தில் சுண்ணாம்பும் மயில்துத்தமும் கலந்து பூசுகிறார்கள். பீச் பழத்துக்கு இங்கே ஆடு என்று பெயர். புதிதாக வரும் தமிழர், ஆடு பூத்திருக்கிறது என்று கேட்டு ஒரு கணம் திகைக்கலாம். இலை வரும் முன்பே கிளை முழுக்க ரோஜா நிறத்தில் பூத்து நிற்கும் அந்த இரண்டு வாரம், மண் வீட்டுச் செம்மைக்கும் பலகைக்கல்லின் சாம்பல் நிறத்துக்கும் நடுவே பார்க்கத் தகுந்தது. விவசாயி அதை ரசிப்பதில்லை, வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மார்ச், ஏப்ரலில் ஒரு ஆலங்கட்டி மழை வந்தால் பூவும் போச்சு, பழமும் போச்சு.

இன்னொரு வேலையும் உண்டு. வீட்டைச் சுற்றிக் காய்ந்து கிடக்கும் பைன் ஊசி இலைகளை வாரி அகற்றுவது. உத்தராகண்டில் காட்டுத்தீக் காலம் பிப்ரவரி 15இல் அதிகாரபூர்வமாகத் தொடங்கி ஜூன் 15 வரை நீடிக்கிறது. 2016லும் 2024லும் தீ பல ஊர்களின் விளிம்புவரை வந்தது. ஆள் உள்ள ஊரில் விளிம்பு சுத்தமாக இருக்கும். ஆள் இல்லாத ஊரில் பைன் கன்றே முற்றத்தில் முளைத்திருக்கும்.

அப்படிப்பட்ட ஊர்கள் நிறைய. 2001-2011 பத்தாண்டில் அல்மோடா, பௌடி கட்வால் என்ற இரண்டு மாவட்டங்களில் மக்கள்தொகை குறைந்தே போனது. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில் ஒருவரும் இல்லை. இதை ஆராய மாநில அரசு 2017இல் ஒரு குடிபெயர்வு ஆணையத்தையே அமைத்தது. 2011க்குப் பிறகு மேலும் 734 குடியிருப்புகள் காலியானதாக 2018இல் அதன் அறிக்கை சொன்னது. போனவர்களில் பாதிப் பேருக்கு வேலை காரணம். அடுத்துப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. பன்றியும் குரங்கும் விளைச்சலை அழிப்பதும் பட்டியலில் உண்டு.

எண்ணிக்கை சொல்லாத ஒன்று, வீடு எந்த வரிசையில் காலியாகிறது என்பது. ஆண்கள் முதலில் தில்லிக்கோ ஹல்துவானிக்கோ போகிறார்கள். கூரை ஏற ஆள் குறைகிறது. பிள்ளைகள் படிக்கப் போகிறார்கள். பூக்கூடை ஒன்று குறைகிறது. மிஞ்சும் பாட்டிக்குப் (இங்கே பாட்டியை ‘ஆமா’ என்று கூப்பிடுகிறார்கள்) புல் அறுத்துவர முடியாத வயதில் மாட்டை விற்கிறார்கள். மாடு போனால் எருவும் போகிறது, மெழுகச் சாணமும் போகிறது, மேல்தளத்தின் கதகதப்பும் போகிறது. தோட்டம் சுருங்கி நாலு பாத்தியாகிறது. தரைக்கு யாரோ சிமென்ட் போட்டுத் தருகிறார்கள். ஆமாவையும் மகன் அழைத்துப் போகும் நாளில் கதவில் பூட்டு.

இந்த மாதத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. கல்யாணமாகிப் போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ பலகாரமும் துணியும் கொண்டுபோய்க் கொடுக்கும் பிட்டௌலி, நம் பிறந்த வீட்டுச் சீர் போல. இப்போது பணமாகப் போனில் போய்விடுகிறது. பூட்டிய வீட்டிலிருந்து எதைக் கட்டி எடுத்துப் போவது என்பதும் நியாயமான கேள்வி.

திரும்பி வருபவர்களும் இல்லாமல் இல்லை. 2020 ஊரடங்கில் லட்சக்கணக்கானோர் மலைக்குத் திரும்பி, புதர் வெட்டி, கதவு திறந்தார்கள். வேலை திறந்ததும் பலர் மறுபடியும் இறங்கிவிட்டார்கள். 2018இல் ஹோம்ஸ்டே மானியத் திட்டம் வந்தபின் சில பழைய வீடுகள் விருந்தினருக்காக உயிர்பெற்றிருக்கின்றன. இதில் புத்திசாலித்தனமாகச் செய்தவர்களும் உண்டு, வீட்டைக் கெடுத்தவர்களும் உண்டு. அவசரத்தில் கல் சுவருக்கு வெளியே சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி மண் சாந்தை அரிக்கிறது. பலகைக்கல் கிடைப்பது கஷ்டம், அடுக்கத் தெரிந்த கொத்தனார் அதைவிடக் கஷ்டம் என்று தகரம் போட்டால் மழைச் சத்தத்தில் தூங்க முடியாது. மண்ணையும் சாணத்தையும் கண்டு முகம் சுளித்த பேரன், அதே மெழுகிய தரைக்கு நகரத்து விருந்தாளி அதிகப் பணம் தருவதைக் கண்டு ஆமாவிடம் பக்குவம் கேட்கிறான் என்பது ஒரு வேடிக்கை.

ஆனால் புதுப்பிக்க நினைப்பவருக்கும் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. அது கோல் காத்தா எனப்படும் கூட்டுப் பட்டா. தாத்தா பெயரிலோ அவருக்கும் முந்தையவர் பெயரிலோ நிற்கும் நிலத்துக்கும் வீட்டுக்கும் இன்று ஏராளமான வாரிசுகள். ஒருவர் கான்பூரில், ஒருவர் மும்பையில், ஒருவர் எங்கே என்றே தெரியவில்லை. பாகம் பிரிக்காததால் விற்க முடியாது, கடன் வாங்க முடியாது. பாக்லியில் இது இன்னும் சிக்கல். பொதுச் சுவரின் அந்தப் பக்கத்துக் கூரை பங்காளியுடையது. அவர் கூரை விழுந்தால் இவர் சுவர் நனைகிறது. ஏறிக் கல்லைத் தள்ளி வைக்கலாம்தான். உரிமை கொண்டாடுகிறான் என்று தில்லியிலிருந்து போன் வரும்.

மே, ஜூனில் குலதெய்வ பூஜைக்கு எல்லோரும் வருகிறார்கள். பூட்டுகள் திறக்கின்றன, முகப்பில் வெள்ளை ஏறுகிறது, முற்றத்தில் பெரிய பாத்திரங்கள் வைத்துச் சமைக்கிறார்கள், கூரையைப் பார்த்து அடுத்த வருஷம் செய்துவிடலாம் என்று பேசுகிறார்கள். ஜூன் கடைசியில் மழை. பள்ளி திறக்கும் முன் பஸ் ஏற வேண்டும்.

பங்குனி பிறப்பன்று வருபவருக்கு நிலைமை வேறு விதமாகத் தெரியும். ஆறு கதவுள்ள பாக்லியில் ஒரு கதவு மட்டும் திறந்திருந்தால், அந்த ஆமா முந்தின நாளே தன் படிக்குக் காவியிட்டு, பிஸ்வார் இழுத்து, முற்றத்தை மெழுகியிருப்பாள். முற்றம் பொது, அந்தக் காலத்தில் அவரவர் வாசலுக்கு முன்னால் அவரவர் மெழுக, ஆறு வீட்டுச் செம்மண்ணும் ஒன்றாகிவிடும். இப்போது சிவப்பு அவள் வாசலில் தொடங்கி, பக்கத்து வீட்டுப் படியையும் தாண்டி, கை எட்டிய இடம்வரை போய் நிற்கிறது. அதற்கு அப்பால் புல்.