யாழ் நூலகத்துக்குத் துணையின்றிப் போவது

பல வருடம் கழித்து யாழ்ப்பாணம் திரும்புகிற எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வழமையான பாதை உண்டு. வாடகை வான், நல்லூர், கீரிமலை, நயினாதீவு. நடுவில் எங்கேயோ பொது நூலகம். வான் வாசலில் நிற்கும். சரஸ்வதி சிலையும் வெள்ளைக் குவிமாடமும் விழும்படி படம் எடுப்போம், பெரியவர் ஒருவர் 1981இல் நூலகம் எரிக்கப்பட்டதைப் பற்றி நாலு வார்த்தை சொல்வார், வான் புறப்பட்டுவிடும். மற்ற இடங்களுக்கு எப்படிப் போனாலும், இந்த ஒரு கட்டடத்துக்காவது தனியாகப் போகவேண்டும் என்பது என் கட்சி. கூட்டமாகப் போகும்போது எரிந்துபோனதைத்தான் பார்க்கிறோம். இருப்பது கண்ணில் படுவதில்லை. தனியாக வருபவருக்குப் பழங்கதை சொல்ல ஆளில்லை. உள்ளே நடப்பதைப் பார்ப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலையும் இல்லை. நடப்பதோ மிகச் சாதாரணம்: பத்திரிகை புரட்டுகிற ஓய்வூதியர்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள்.

அந்தச் சாதாரணத்துக்காகத்தான் நூலகம் உண்டானது. 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டிலிருந்தே புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த வருடம் அது ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறைக்கு மாறியது. பெரிய கட்டடத்துக்குப் பணம் சேர்க்க ஊர்க்காரர் கார்னிவல் நடத்தினார்கள் (அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தார் கார்னிவல் நடத்தினார்கள் என்று சொன்னால் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் நம்பமாட்டார்கள்). 1954இல் அடிக்கல் நாட்டப்பட்டது; 1959இல் மேயர் அல்பிரட் துரையப்பா திறந்துவைத்தார். கட்டடத்தை வரைந்தவர் சென்னையைச் சேர்ந்த நரசிம்மன்; ஆலோசனைக்கு அழைக்கப்பட்டவர் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன். நூல் இருப்பது பயன்படுவதற்கே என்பதைத் தன் முதல் விதியாக வைத்தவரை அழைத்த ஊர், நினைவுமண்டபம் கட்ட நினைத்திருக்க முடியாது. 1981 மே 31 இரவு, மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நேரத்தில், பொலிஸார் வைத்த தீயில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. எரிந்த ஓலைச்சுவடிகளைப் பற்றியே அதிகம் பேசுகிறோம். மீண்டும் கிடைக்காதவை என்பதால் அது நியாயம். ஆனால் அன்றைக்கு எரிந்தவற்றில் பாடநூல்களும் நாவல்களும் இருந்தன, மறுநாள் காலை யாரோ ஒருவர் தேடி வந்திருக்கக்கூடியவை. அந்த இழப்பு படத்தில் விழாது. திரும்பவும் ஆட்கள் வந்து இரவல் எடுக்கிறார்களா என்பதை வைத்துத்தான் அதை அளக்கவேண்டும். அளப்பதற்கு வாசலில் நின்றால் போதாது.

நூலகம் வாசிப்பதற்கே என்ற இந்தப் பார்வைக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எரிந்த சுவர்களை அப்படியே விட்டிருக்கவேண்டும், வெள்ளையடித்துக் கட்டியது சாட்சியத்தை அழிக்கும் வேலை என்பது அது. 1998இல் தொடங்கிய மீள்கட்டுமானத்தை அரசாங்கம் தன் நல்லெண்ணத்தின் விளம்பரமாக ஆக்கிக்கொண்டதால் அந்தச் சந்தேகம் அநியாயமானதும் அல்ல. 2003இல் திறப்புவிழா எதிர்ப்பினால் நின்றுபோனதற்குப் பல காரணங்களில் இதுவும் ஒன்று. ஆனாலும் பாழடைந்த சுவர் யாருக்குப் பயன்படும் என்று கேட்டுப் பார்க்கவேண்டும். எப்போதாவது வந்து, பார்த்து, கலங்கி, விமானம் ஏறுகிற எங்களுக்கு அது பொருத்தம். அதே தெருவால் தினமும் சைக்கிளில் போகிற மாணவிக்கு வேண்டியது மேசையும் மின்விசிறியும் புத்தகமும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் வீட்டுக்குப் பக்கத்திலேயே நூலகம் வைத்துக்கொண்டு, ஊரவர்கள் இடிபாட்டைக் காவல் காக்கவேண்டும் என்று நாங்கள் கேட்பது எனக்கு ஒப்பவில்லை. நடந்ததைத் தெளிவாகச் சொல்லும் பதிவு அந்த வளவுக்குள்ளேயே இருக்கவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அது வாசிப்பறையின் இடத்தைப் பிடிக்கத் தேவையில்லை.

தனியாகத்தான் போகவேண்டும் என்றால் பிள்ளைகளுக்கு யார் சொல்வது, குடும்பமாகப் போனால்தானே வரலாறு கைமாறும் என்று இன்னொரு கேள்வி வரும். சொல்லட்டும், வீட்டில் ஆறுதலாக, பெயர்களோடும் தேதிகளோடும் சொல்லட்டும். தீயைக் கண்ட அதிர்ச்சியில் உயிரைவிட்ட மொழியறிஞர் தாவீது அடிகளைப் பற்றிப் பத்து நிமிடத் தரிப்பில் என்ன சொல்லிவிட முடியும்? பிறகு பிள்ளை விரும்பினால் ஒருநாள் தானே தனியாக உள்ளே போகலாம். பார்க்க வருபவர்களால் படிப்பவர்களுக்கு இடைஞ்சல் என்று அங்கே கட்டுப்பாடுகள் வைத்திருப்பதைப் பார்த்து வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சிலர் மனம் நோவதுண்டு: எங்கள் நூலகத்துக்குள் எங்களையே விடமாட்டார்களா என்று. படிப்பவருக்குத்தான் முதலிடம் என்று ஒரு நூலகம் சொன்னால், அது நூலகமாகத் தன் வேலையைச் செய்கிறது என்றுதான் பொருள். கமராவை வெளியே வைத்துவிட்டு, வாசிக்க வந்தேன் என்று கேட்டுப் பார்க்கலாம். மறுத்தால் அன்றைய பத்திரிகையைக் கடையில் வாங்கிப் படிக்கலாம், அதற்கும் யாழ்ப்பாணத்தில் குறைவில்லை.